அம்மைக்கு அப்பா

குழந்தைகள் டாக்டரின் ஜன்னலுக்கு வெளியே, வாதாம் மரத்தடியில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. மீசை உண்டு. இடுப்பில் குழந்தை இல்லை. அன்றைய நோயாளி நான்தான்.

உள்ளே விடவில்லை. டோக்கன் கொடுக்கும் மேரியக்கா என் நெற்றியைப் பார்த்ததுமே கதவை மறித்துவிட்டார்.

“அங்கனயே நில்லுங்க அண்ணாச்சி. உள்ள பூராவும் கைப்புள்ளைய. டாக்டர ஜன்னலுக்கு வரச் சொல்லுதேன்.”

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். “துண்ட எடுங்க” என்றார். எடுத்தேன். “சட்டைய லேசாத் திறங்க.” எதிர்ப்பக்கம் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்மணி கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வேறு வழியில்லை, திறந்தேன். நெஞ்சு முழுக்க முத்து முத்தாக நீர்க்கொப்புளம்.

“கயலுக்கு வந்தது உங்களுக்கும் வந்தாச்சு. நான் பன்னெண்டு வயசு வரைக்கும்தான் பாக்கது, தெரியும்லா?” என்று சிரித்தார். உள்ளே காத்திருந்த அம்மாக்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு கேட்டார். “ஸ்டெல்லா ஊருக்கு வந்தாச்சா?”

“முந்தாநாள் வந்துட்டா டாக்டர். அப்புறம்… நல்ல சேதி ஒண்ணு. நேத்துதான் உறுதியாச்சு. ரெண்டாவது.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. “ஸ்டெல்லாவுக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?”

“தெரியலையே.”

கிளினிக் நேரத்தில் அந்த நாற்காலியைவிட்டு அவர் எழுந்து நான் பார்த்ததே இல்லை. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மரத்தடிக்கே வந்துவிட்டார்.

அவர் என்ன சொன்னார் என்பதற்கு முன்னால், அவரை நாங்கள் எப்படிப் பிடித்தோம் என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் இந்தப் பகுதியில் ஃபிளக்ஸ் போர்டு கடை திறந்த கதையை எழுதியதைப் படித்த ஒருவர், “வீட்டம்மாவப் பத்தி ஒரு வரிகூட இல்லையே” என்று கடைக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார். அதற்கும் சேர்த்து இந்த வாரம்.

மூன்று கேள்விகள்

தென்காசியில் பெரிய கோயிலிலிருந்து நடந்து போகிற தூரம்தான் அந்தக் கிளினிக். சாயங்காலம் நாலு மணிக்கு டோக்கன். மூன்றரைக்கே வாசலில் செருப்பு நிறைந்துவிடும்.

எந்தக் குழந்தையைக் கொண்டுபோனாலும் டாக்டரம்மாவுக்கு முதலில் மூன்று கேள்விகள். சாப்பிடுதாளா? விளையாடுதாளா? ஒண்ணுக்குப் போறாளா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், பாதி நேரம் மருந்தே கிடையாது. “சளி தானாப் போயிரும். நீங்க வீட்டுக்குப் போங்க” என்பார். டோக்கன் போட்டு ரெண்டு மணி நேரம் காத்திருந்து வெறுங்கையோடு திரும்புவது எங்கள் ஊரில் பலருக்கு அவமானம். “ஒரு ஊசிகூடப் போடல. இவாளெல்லாம் என்ன டாக்டரு?” என்று படியிறங்கும்போதே புலம்பிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த காய்ச்சலுக்கு அவர்களையே அதே பெஞ்சில் பார்த்திருக்கிறேன்.

சாரல் காலத்தில் வெளியூர்க் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். குற்றாலத்தில் அருவியின் நேர்வீச்சில் பிள்ளையை நிறுத்தி வைத்துவிட்டுக் காதுவலி என்று வருவார்கள். மிளகாய் பஜ்ஜியும் ரம்புட்டானும் மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு வயிற்றுப்போக்கு என்று வருவார்கள். உப்புச்சர்க்கரைக் கரைசலை எப்படிக் கலக்க வேண்டும் என்று மேரியக்கா பாடமே எடுப்பார்.

சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும். காய்ச்சலில் வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது. அச்சு படுமோசம். எழுத்து நெருங்கி, நிறம் மங்கி. என் தொழில் அதுதான் என்பதால், காத்திருக்கும்போதெல்லாம் அந்த அச்சைக் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். ஸ்டெல்லா அதில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருப்பாள்.

ஐந்தருவியில் ஒரு பகல்

கயலுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருக்கும். சாரல் நன்றாக விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. வெளியே போனால் சரியாகிவிடும் என்று கிளம்பிவிட்டோம். அருவிப்பக்கம்கூடப் போகவில்லை. ஐந்தருவியில் வண்டிகள் நிற்கும் இடத்தில் சூடாக ஒரு டீ, அவ்வளவுதான்.

ஸ்டெல்லாவின் தோளில் இருந்த பிள்ளை திடீரென்று விறைத்தாள். கண் மேலே சொருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

எனக்குக் குரலே எழும்பவில்லை. ஆனால் சுற்றிலும் எல்லோருக்கும் எழும்பியது. “சாவியக் கையில குடுங்கய்யா!” என்று ஒருவர் கார்ச் சாவியை நீட்டினார். இன்னொருவர் பூட்டோடு சாவிக்கொத்தை நீட்டினார். டீக்கடைக்காரர் கரண்டியோடு ஓடிவந்து, “வாயில வைங்க, நாக்கக் கடிச்சிராம” என்றார். யாரோ ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“யாரும் ஒண்ணும் வைக்காதீய!” என்று ஸ்டெல்லா போட்ட சத்தம் அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்டது. தன் துப்பட்டாவைத் தரையில் விரித்து, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்தாள். கழுத்துப் பட்டனைக் கழற்றினாள். “மணியப் பாருங்க” என்றாள் என்னிடம். பார்த்தேன். என் கைக்கடிகாரம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். இழுப்பு தானாக நிற்கும்வரை அவள் பிள்ளையின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.

நின்றது. பிள்ளை மெல்ல முனகி, அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது.

ஆட்டோவில் தென்காசிக்கு வந்து சேர்ந்தோம். டாக்டரம்மா பிள்ளையை முழுக்கப் பார்த்தார். காய்ச்சல் சட்டென்று ஏறும்போது சின்னப் பிள்ளைகளில் சிலருக்கு இப்படி வரும், வளர வளர நின்றுவிடும், ஆனால் சீக்கிரம் நிற்காவிட்டால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று விளக்கினார். “ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்னு யாரு சொன்னா?” என்று கேட்டார்.

ஸ்டெல்லா சுவரைக் காட்டினாள்.

அடுத்த வாரமே அந்த அறிவிப்பைப் பெரிய எழுத்தில், நல்ல நிறத்தில் அடித்துக்கொண்டுபோய் நானே ஒட்டினேன். அதன்பிறகு பிள்ளை தும்மினாலும் எனக்கு டோக்கன் வேண்டும். மேரியக்கா என்னைக் கண்டாலே, “சாப்பிடுதாளா, விளையாடுதாளா அண்ணாச்சி?” என்று வாசலிலேயே கேட்டு, பாதி நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

வேப்பிலையும் நகவெட்டியும்

ஸ்டெல்லாவுக்கு சிவகிரி தாலுகா ஆபீசில் வேலை. அந்த வலிப்புக்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு வெயில் காலத்தில், ஒரு மாதம் வெளியூரில் பயிற்சி என்று உத்தரவு வந்தது. போனாள். பிள்ளையும் நானும் தனியாக. என் அப்பாவும் அம்மாவும் அண்ணனோடு திருப்பூரில் இருந்தார்கள்.

அவள் போன இரண்டாம் வாரம் கயலுக்கு அம்மை போட்டது.

முதலில் தெரிந்துகொண்டது பக்கத்து வீட்டு சுப்பு மைனி. மாவுக்கடை வைத்திருப்பவர். பிள்ளையின் வயிற்றைப் பார்த்துவிட்டு, “ஆத்தா வந்திருக்கா. டாக்டருகிட்டல்லாம் கொண்டுபோயிராதீய” என்றார். வேப்பங்குலையை அவரே ஒடித்துவந்து வாசல் நிலையில் சொருகினார்.

நான் டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்தேன், மைனி காதில் விழாதபடி.

“வேப்பிலையக் கட்டிட்டாங்களா? நல்லதாப் போச்சு. வீட்டுக்கு ஆள் வராது, மத்த பிள்ளைகளுக்குப் பரவாது” என்றார். “நகத்த ஒட்ட வெட்டுங்க. தினமும் வெதுவெதுன்னு தண்ணில குளிக்க வைங்க. அரிப்புக்கு லோஷன், காய்ச்சலுக்கு நான் சொல்லுத மருந்து மட்டும். மூச்சு வாங்கினாலோ, எழுப்ப முடியாம தூங்கினாலோ, உடனே கூப்பிடுங்க. உங்களுக்கு முன்னாடி வந்திருக்கா?”

அம்மாவிடம் கேட்டேன். “ஒங்க ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கு வந்துச்சுலே. யாருக்குன்னு ஞாபகமில்ல” என்றாள். அண்ணனுக்கு வந்திருக்கிறது என்பது பிறகுதான் நிரூபணமானது, என் நெஞ்சில்.

மரத்தடியில்

அந்த மரத்தடிக்கு இப்போது திரும்பி வருகிறேன்.

டாக்டரம்மா தணிந்த குரலில் பேசினார். பெரியவர்களுக்கு இது குழந்தைகளுக்குப் போல லேசாகப் போகாது, நான் இன்றைக்கே பொது மருத்துவரிடம் மாத்திரை வாங்கிவிட வேண்டும். அது என் பாடு. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு, முன்னால் வராதவளாக இருந்தால், தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது. ஏற்கெனவே வந்திருந்தால் பயமில்லை.

“ரத்தம் எடுத்து அனுப்பினா தெரிஞ்சிரும். முடிவு திருநெல்வேலியிலேருந்து வரணும். வராதவங்கன்னா ஒரு ஊசி இருக்கு, அத சீக்கிரமாப் போடணும். நான் அவங்க பிரசவ டாக்டர்கிட்ட இப்பவே பேசுதேன். நீங்க அதுக்குள்ள அவங்க வீட்டுல யார்கிட்டயாவது கேளுங்க. பெத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும்லா?”

தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம்.

ஸ்டெல்லாவின் அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே இறந்துவிட்டார். தம்பி அவளைவிட இளையவன், வெளிநாட்டில் இருக்கிறான். மிச்சம் இருப்பது அப்பா. கடையத்தில் வயலும் ஒரு உரக்கடையும் உள்ள ஞானமுத்து. அவர் மகள் சர்ச்சுக்கு வெளியே, ரிஜிஸ்டர் ஆபீசில், ஒரு முருகேசனுக்கு மாலை போட்ட நாளிலிருந்து எங்களோடு பேச்சுவார்த்தை கிடையாது. கயல் பிறந்த செய்தியைத் தம்பி சொன்னபோதும், “சரி” என்று மட்டும் சொன்னாராம்.

காதுக்குப் பின்னால்

ஸ்டெல்லா சுப்பு மைனி வீட்டு மாடிக்குக் குடிபோனாள். ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தள்ளி, தெருவில் நின்றாள். நான் உள்ளே கம்பிக்குப் பின்னால். கயல் என் பக்கத்தில். பொருக்கெல்லாம் உதிர்ந்து, தேறிவிட்டிருந்தாள். அம்மாவோடு போகச் சொன்னதற்கு, “அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத்தான் தெரியும்” என்று என்னோடு தங்கிவிட்டாள்.

“கூப்பிடவா?” என்றாள் ஸ்டெல்லா.

“கூப்பிடு.”

“எடுக்க மாட்டாங்க.”

“கூப்பிடு ஸ்டெல்லா.”

எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று நினைத்த நேரத்தில் எடுத்தார். பின்னால் எங்கோ ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம்.

“அப்பா, நான் ஸ்டெல்லா.”

“ம்.”

“எனக்குச் சின்னதுல அம்மை வந்திருக்காப்பா?”

மோட்டார் ஓடியது. “ஏன் கேக்க?”

“இவுகளுக்கு வந்திருக்கு. நான்… நான் உண்டாயிருக்கேன்ப்பா.”

அந்தப் பக்கம் மோட்டார் நின்றது. அவரே போய் அணைத்திருக்க வேண்டும்.

“வந்திருக்கு” என்றார். “நாலு வயசுல. எடது காதுக்குப் பின்னால ரெண்டு தழும்பு இருக்கும். முடிய ஒதுக்கிப் பாரு.”

தன் காதுக்குப் பின்னால் தானே எப்படிப் பார்ப்பது? கடைவாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சுப்பு மைனி, மாவுக் கையோடு ஓடிவந்து, ஸ்டெல்லாவின் முடியை முழங்கையால் ஒதுக்கினார். “இருக்கு! ரெண்டு குழி இருக்கு!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

ஸ்டெல்லா அங்கேயே, தெருவில், உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருடமாகத் தன் உடம்பில் இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. என் கண்ணிலும் பட்டதில்லை.

“அப்பா…”

“அவர யாரு பாக்கா?”

“யாருமில்ல. புள்ளதான் கூட இருக்கா.”

ஃபோன் கட்டாகிவிட்டது.

முதல் பஸ்

மறுநாள் விடிந்து பால்காரர் போனதும் கதவு தட்டப்பட்டது. கயல்தான் திறந்தாள். வெள்ளைச் சட்டை, மடித்துக்கட்டிய வேட்டி, ஒரு கையில் ஓலையில் பொதிந்த நுங்கு, மறுகையில் சுருட்டிய பாய்.

“நீங்க யாரு?” என்றாள் கயல்.

அவர் பாயைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். “நான் ஒங்க அம்மைக்கு அப்பா.”

எங்கள் பக்கத்தில் அம்மாவையும் அம்மை என்போம். ஆனால் அந்தச் சில வாரங்களாக எங்கள் வீட்டில் அம்மை என்றால் கொப்புளம்தான். கயல் இரண்டடி பின்வாங்கினாள். அப்புறம் உள்ளே ஓடிவந்தாள்.

“அப்பா! அம்மைக்கு அப்பா வந்திருக்காரு! ஒனக்கு இன்னும் நிறைய போடப் போறாரு!”

உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் நின்றவருக்கும் வந்திருக்க வேண்டும். இருமுவதுபோல வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

அவர் என்னிடம் நேராகப் பேசவில்லை. எல்லாம் கயல் வழியாகத்தான்.

“கயலு, ஒங்க அப்பாவத் திரும்பி உக்காரச் சொல்லு.”

“அப்பா, திரும்பி உக்காரு.”

“கையத் தூக்கச் சொல்லு.”

“கையத் தூக்குப்பா.”

லோஷனைப் பஞ்சில் நனைத்து என் முதுகில் வைத்தார். நான் பயந்ததுபோலத் தேய்க்கவில்லை. ஒவ்வொரு கொப்புளமாக ஒற்றினார். உர மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரல்கள். ஒரு கொப்புளம்கூட உடையவில்லை. என்னைத் தன் வீட்டு வாசற்படி ஏறவிடாத மனிதர் இவர்தானா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. திரும்பினால் கயலிடம் வசவு விழும்.

சாயங்காலம் ஸ்டெல்லா வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். கயலிடம் பேச ஆரம்பித்தார்.

“ஒங்க அம்மையும் இப்படித்தான் கெடந்தா. அப்ப அவ அம்மை தம்பிய வயித்துல வச்சிருந்தா. பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு அவளத் தாய்வீட்டுக்கு அனுப்பிட்டேன். நாந்தான் தனியா வச்சுப் பாத்தேன். சொறிஞ்சிருவான்னு ரெண்டு கையிலயும் என் சாக்ஸ மாட்டிவிட்டேன். அதையும் பல்லால கடிச்சு இழுத்துட்டு, காதுக்குப் பின்னால சொறிஞ்சிட்டா.”

“அடிச்சீங்களா?”

“எங்க அடிக்க? நான் அழுதுட்டேன்.”

ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தள்ளி நிற்க வேண்டும் என்பது அவளுக்கும் மறந்துபோயிருந்தது, எனக்கும் மறந்துபோயிருந்தது.

தலைப்பிரசவம்

ரத்தப் பரிசோதனை முடிவும் அதையே சொன்னது. டாக்டரம்மாவே ஃபோன் செய்தார். “தழும்பு பொய் சொல்லல. ஊசி வேண்டாம். நிம்மதியாத் தூங்குங்க” என்றார். மாமா அதைக் கேட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். வெகுநேரம் முகம் கழுவினார்.

அன்றைக்கே ஸ்டெல்லா வீட்டுக்குள் வந்தாள். ஆறு வருடம் கழித்து அப்பாவும் மகளும் நேருக்கு நேர். என்ன நடக்குமோ என்று நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

“சாப்டியாட்டி?” என்றார்.

“சாப்ட்டேன்.”

“என்ன சாப்ட்ட?”

பதிலுக்குக் காத்திராமல் அவர் உள்ளே போய், அவளுக்காக எடுத்து வைத்திருந்த நுங்கைத் தோலெடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். கயல் அதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டாள்.

எனக்குப் பொருக்கு உதிரும்வரை இருந்தார். எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட அண்டாவைச் சுப்பு மைனி கொண்டுவந்து வைத்தார். மாமா அதைப் பார்த்தார். மைனியைப் பார்த்தார். சொம்பை எடுத்து அவரே ஊற்றினார்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டுவரை நானும் போனேன். கடையம் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, கீழே இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். இப்போது நடுவில் கயல் இல்லை. அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“வே, இந்த அம்மைக்குத் தடுப்பூசி இருக்காம்லா. டாக்டரம்மா சொன்னா. பொறக்குத புள்ளைக்கு வயசு வந்ததும் போட்டிரும்.”

“சரி மாமா.”

“ஏழாம் மாசம் நான் வந்து ஸ்டெல்லாவக் கூட்டிட்டுப் போறேன். தலப்பிரசவம் தாய்வீட்டுலதான் பாக்கணும்.”

தப்பாகப் புரிந்துகொண்டாரோ என்று நினைத்து, மெதுவாகச் சொன்னேன். “மாமா, இது ரெண்டாவது.”

டிரைவர் ஹாரன் அடித்தார். மாமா படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“உமக்கு ரெண்டாவது வே. எனக்கு இதான் மொதலு” என்றார்.